தவிட்டுக்கு விற்ற பிள்ளை

என் அப்பாவை நான் ஒரு தடவைகூட அப்பா என்று கூப்பிட்டதில்லை. மாமா என்றுதான் கூப்பிட்டேனாம். எனக்கு அது எதுவும் நினைவில் இல்லை. அவர் சாகும்போது எனக்கு இரண்டு வயதுதான் நிரம்பியிருந்தது. அக்கா சொன்னது, அம்மா எப்போதாவது மனம் இளகிச் சொன்னது, பக்கத்து வீட்டு உம்மா சொன்னது, இவற்றை ஒட்டுப்போட்டுத்தான் எனக்கு ஓர் அப்பா. அக்காவுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. அவர் கையைப் பிடித்து நடந்தவள் அவள். இந்த வயதிலும் அதில் எனக்கு அவள்மேல் பொறாமைதான்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். அப்பா எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் போய்வரும் வண்டி அவருடையது. யுத்தத்தில் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பிறகு கரிக்கும் பஞ்சம், மரக்கட்டையைப் போட்டு எரித்தார்கள். கை முழுக்கத் தீப்பொறி பட்ட தழும்பு என்பாள் அக்கா. கட்டைக் குரல். அவர் தெருமுனையில் திரும்பினாலே குவாட்டர்ஸ் பிள்ளைகள் விளையாட்டை விட்டு ஓடிவிடுவார்களாம். மரவள்ளிக்கிழங்கு வேகவில்லை என்று தட்டைத் தூக்கி எறிவார், அப்புறம் அவரே குனிந்து பொறுக்கி ஊதித் தின்பார். அம்மாவைக் கூப்பிடுவது 'ஏய்' என்றுதான். இப்படிப்பட்ட மனிதரோடு அம்மா எப்படிக் குடும்பம் நடத்தினாளோ என்று நான் கேட்டால் அக்காவுக்குக் கோபம் வந்துவிடும்.

"ஒனக்கு என்னடா தெரியும் அவரப் பத்தி? சின்னண்ணன அவரு தூக்கிட்டுத் திரிஞ்சத நீ பாத்தியா?" என்பாள்.

நான் எங்கே பார்ப்பது? எனக்கு முன்னால் இரண்டு அண்ணன்கள் பிறந்து செத்துப்போனார்கள். மூத்தவன் கைக்குழந்தையாகவே போய்விட்டான். அடுத்தவன் நாலு வயது வரை இருந்தான். அவனைத்தான் அப்பா வேலை முடிந்ததும் தோளில் உட்கார வைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் முழுக்கச் சுற்றுவாராம். எதிரே வருகிறவர் தெரிந்தவரோ தெரியாதவரோ, நிறுத்திவிடுவார். "என் புள்ளயப் பாத்தியாலா? என் ராசா. நாளைக்கு இவன்தான் எஞ்சின் ஓட்டப் போறான், நான் கரி தள்ளப் போறேன்." வீட்டில் சிரிக்காத மனிதர் தெருவில் பல் தெரியச் சிரித்தது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். ஜப்பான்காரன் வந்த முதல் வருஷம் அவனுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. மருந்து கிடைக்கவில்லை. அப்பாவின் மடியிலேயே அவன் உயிர் போனது. "என் வாய்தான் அவன முழுங்கிருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாராம். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையையும் அவர் கொஞ்சி யாரும் பார்க்கவில்லை.

மறு வருஷம் நான் பிறந்தேன். இதையும் பறிகொடுக்க முடியாது, தவிட்டுக்கு விற்றுவிடலாம் என்று அம்மா பிடிவாதமாக நின்றாள். அடுத்தடுத்துப் பிள்ளைகள் செத்த வீட்டில் பிறக்கும் குழந்தையை வேறொருத்திக்குத் தவிட்டு விலைக்கு விற்பது எங்கள் வழக்கம். அது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று ஆகிவிட்டால், எமன் தேடி வந்தாலும் அடையாளம் தெரியாமல் போய்விடுவானாம். "எமனென்ன அவ்வளவு முட்டாளா?" என்று அப்பா கத்தினார். ஆனாலும் விற்கும் நாளன்று வேலைக்குப் போகவில்லை.

வாங்கியவர் உம்மா. குவாட்டர்ஸ் வேலியை ஒட்டிய பலகை வீட்டில் இருந்த முஸ்லிம் குடும்பம், நாகூர்ப் பக்கத்துக்காரர்கள். அவர் கணவருக்கு ஜவுளி வியாபாரம். அப்போது ஜவுளிக்கு எங்கே போவது, பாசார் சந்தையில் கிடைத்ததை விற்றுக்கொண்டிருந்தார். "எங்கள்ல இந்தப் பழக்கமெல்லாம் இல்லண்ணே. ஆனா புள்ள பொழைக்கணும்ல, குடுங்க" என்று சொல்லி உம்மா ஒரு படி தவிட்டோடு வந்தார். முறத்தில் கிடந்த என்னை எடுத்து, அந்த இடத்தில் தவிட்டைக் கொட்டினார். சோற்றுக்குப் பதில் ஊரே கிழங்கைத் தின்ற காலம். அப்பா முறத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தப் பஞ்சத்துல ஒரு படித் தவிடா? நல்ல வெலைதான்லா" என்றாராம்.

அம்மா அந்தத் தவிட்டில் ரொட்டி தட்டலாம் என்று பார்த்தாள். அக்காவும் பசியோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா முறத்தைப் பிடுங்கினார். "புள்ளய வித்து வயித்த நெரப்பச் சொல்றியா?" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, தெருக்கோடிப் பால்காரர் வீட்டு மாட்டுக்குக் கொண்டுபோய் வைத்தார். மாடு தின்று முடிக்கும்வரை அங்கேயே நின்றார். கூடவே போன அக்கா, தவிட்டைப் பார்த்து அழுதேன் என்கிறாள். அப்பாவும் கண்ணைத் துடைத்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

மற்ற வீடுகளில் இது வெறும் சடங்கு. விற்ற கையோடு பிள்ளையைத் தூக்கிவந்து மடியில் போட்டுக்கொள்வார்கள். நம்பாத என் அப்பாதான் இதை நிஜ வியாபாரமாக நடத்தினார். பால் குடிக்கவும் தூங்கவும் மட்டும் நான் அம்மாவிடம் வரலாம், மற்ற நேரமெல்லாம் உம்மா வீட்டில் இருக்கவேண்டும். என்னை அவர் தூக்குவதில்லை. நான் தவழ்ந்து அவர் காலடிக்குப் போனால் காலை மெதுவாக நகர்த்திக்கொண்டு, "ஏய், பக்கத்து வீட்டான் வந்திருக்கான் பாரு, கொண்டுபோய் விடு" என்று அக்காவை ஏவுவார். உம்மா அவரை அண்ணே என்று கூப்பிடுவதால் எனக்கு அவர் மாமா ஆனார். முதல்முதலாக நான் மாமா என்றபோது அவர் "என்னடா" என்று கேட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாராம். அம்மாவால்தான் அதைத் தாங்க முடியவில்லை. "போதும், திருப்பி வாங்கிரலாம்" என்று கெஞ்சியிருக்கிறாள். "அஞ்சு வயசு ஆகட்டும்" என்பதுதான் அவர் சொன்ன ஒரே பதில்.

கிள்ளானுக்குப் போன நாட்களில் வெறுங்கையோடு வரமாட்டார். எஞ்சின் விறகில் இரண்டு கட்டையை ஒளித்துக் கொண்டுபோய், கம்பங்களில், அதாவது கிராமங்களில் இருந்த மலாய்க்காரர்களிடம் கொடுத்து முட்டை வாங்குவார். பிடிபட்டிருந்தால் ஜப்பான்காரன் கையை எடுத்திருப்பான். அந்த முட்டை எங்கள் வீட்டுக்கு வராது. வேலிக்கு அந்தப் பக்கம் நீட்டி, "தங்கச்சி, ஒங்க புள்ளைக்கு" என்று கொடுத்துவிட்டு வருவார். அக்கா இதை இன்றைக்குச் சொல்லும்போதும் உதட்டைச் சுழிக்கிறாள்.

ஒரு வயது தாண்டியதும் எனக்குக் கடும் காய்ச்சல் வந்தது. உம்மா வீட்டில் கிடந்தேன். அம்மா உள்ளே ஓடிவிட்டாள். அப்பா உள்ளே வரவில்லை. வீட்டுக்கு வெளியே சாக்கடைத் திட்டில் உட்கார்ந்துகொண்டு, உம்மா வெளியே வரும்போதெல்லாம், "ஒங்க புள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். வெயிலிலும் எழுந்திருக்கவில்லை, மழை வந்தும் எழுந்திருக்கவில்லை. வண்டி அவர் இல்லாமல் போய்விட்டது. மறுநாள் வேலைக்குப் போனவர் ஒரு பக்கக் கன்னம் வீங்கி, உதடு கிழிந்து வந்தார். பல்வலி என்றார். அம்மா கிராம்பு தேடி அலைந்தாள். கூட வேலை பார்த்தவர்கள் வந்து சொன்ன பிறகுதான், ஜப்பான் அதிகாரி அவரை எல்லார் முன்னாலும் அறைந்த விஷயம் வீட்டுக்குத் தெரிந்தது.

எனக்குக் காய்ச்சல் விட்டது. அடுத்த வருஷம் அவருக்கு வந்தது. மலேரியா. கொய்னா மாத்திரைக்கு அம்மா தன் தோட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு சாலாக் செலாத்தான் வரை நடந்தாள், கிடைக்கவில்லை. ஜப்பான்காரன் ஓடப்போகிறான் என்று ஊரில் கிசுகிசுக்கத் தொடங்கிய நேரம். இன்னும் சில வாரங்கள் தாக்குப்பிடித்திருந்தால் மருந்து வந்திருக்கும்.

கடைசி நாளன்று குவாட்டர்ஸ் ஆட்கள் வீட்டில் கூடிவிட்டார்கள். நான் வழக்கம்போல உம்மா வீட்டில் இருந்தேன். யாரோ ஒருவர், "பையனத் தூக்கிட்டு வாங்க, அப்பன் மொகத்தப் பாக்கட்டும்" என்றிருக்கிறார். அதுவரை கண் மூடிக் கிடந்த அப்பா எழுந்து உட்கார முயன்றாராம். தெருவில் பிள்ளைகளை விரட்டும் அதே குரலில் கத்தினார்.

"எந்தப் பையன்? அவன் என் புள்ள இல்ல. எனக்குக் கொள்ளி வைக்க அவன் வரக்கூடாது. எனக்குப் புள்ளயே இல்ல!"

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. சாகிற நேரத்திலும் இந்த மனுஷனுக்கு ஆங்காரம் அடங்கவில்லையே என்று வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு விவரம் தெரிந்து இதைக் கேள்விப்பட்டபோது, நானும் அப்படித்தான் நினைத்தேன். இருபது வயதில் ஒருநாள் அம்மாவிடம் சண்டைக்கே போனேன். "பெத்த அப்பன் சொல்ற வார்த்தையா அது? கொள்ளி வைக்கக்கூட நான் ஆகாதவனா?" என்று கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைக்கூட எடுக்கவில்லை.

"அப்போ எமன் வீட்டுக்குள்ளயே நின்னுக்கிட்டிருந்தான்டா. அவரக் கூட்டிட்டுப் போக வந்தவன். ஒன்ன அந்த நேரத்துல உள்ள தூக்கிட்டு வரச் சொன்னா அவரு வேற என்னதான் சொல்லுவாரு?"

ஆண்பிள்ளை பெற்ற எந்தத் தகப்பனும் கடைசியில் அவன் கையால் எதிர்பார்ப்பது அந்த நெருப்பு ஒன்றைத்தான். அதையும் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அம்மா அவர் சொல்லை மீறவில்லை. பெரியவர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். "கையப் புடிச்சு வைக்க வச்சா போதும்லா. புள்ள இருக்கையில அடுத்தவன் வச்சா கட்டை வேகுமா?" என்றார்கள். அம்மா அழுதுகொண்டே தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். அவரோடு எஞ்சின் ஓட்டிய டிரைவர்தான் கொள்ளிச்சட்டி எடுத்தார்.

பாடை தெருவில் இறங்கியது. பலகை வீட்டு வாசலில் உம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். நான் கையை நீட்டி மாமா, மாமா என்று கத்தினேனாம். கூட்டத்தில் போன கிழவர் ஒருவர் பொறுக்கமாட்டாமல் நின்று, "ஏம்மா, அப்பன் போறான், அவன் புள்ளய நீ புடிச்சு வச்சிருக்கியே, இது அடுக்குமா?" என்று கேட்டார்.

அடக்கமான பெண் உம்மா. ஆண்கள் நடுவில் அவர் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை. முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்: "இது எம் புள்ள! நான் பெத்த புள்ள! அவருக்குப் புள்ள கெடையாது!"

கிழவருக்கு ஏன் அப்படிப் பதில் சொன்னீர்கள் என்று பின்னாளில் ஒருநாள் உம்மாவிடம் கேட்டேன். கிழவருக்கு எங்கே சொன்னேன், பாடை கொஞ்ச தூரம் போயிருந்தது, அண்ணனுக்குக் கேட்கவேண்டுமே என்றுதான் அப்படிக் கத்தினேன் என்றார்.