சித்தப்பா ஒட்டிய கண்ணாடி

படிக்கவென்று இந்தியாவுக்குப் போன சித்தி, படிப்போடு ஒரு தஞ்சாவூர் மாப்பிள்ளையையும் கொண்டுவந்து சேர்த்தார். பழைய கோயில்களும் கோட்டைகளும் இடிந்துவிடாமல் காப்பது சித்தப்பாவின் உத்தியோகம். என் வகுப்பில் டொக்டர் பிள்ளைகளும் எஞ்சினியர் பிள்ளைகளும் மலிந்து கிடந்தார்கள். கோபுரத்துக்கு வைத்தியம் பார்க்கும் சித்தப்பா எனக்கு மட்டும்தான் இருந்தார். அந்தப் பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கொழும்பு வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். ரயில் போனால் அலுமாரிக்குள் கோப்பைகள் கதைக்கத் தொடங்கிவிடும். முன் ஹோல் கதவுக்கு மேலே ஒரு வெடிப்பு விழுந்து, கூரை வரை ஏறியிருந்தது. வீட்டுக்காரர் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, சுவர் விழுந்து பிள்ளையளுக்கு ஏதும் நடந்தா நான் பொறுப்பில்லை. கெதியா வேற இடம் பாருங்கோ" என்றார் அப்பாவிடம்.

அது போர்க்காலம். யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்று கொழும்பில் வீடு மாறுவதென்றால் புதிய பொலிஸ் பதிவு, புதிய அயலவர், அவர்களுடைய புதிய சந்தேகம். அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் சித்தப்பா இந்தியாவிலிருந்து வந்தார். அநுராதபுரத்தில் ஒரு பழைய விகாரையின் திருத்த வேலைக்கு ஆலோசனை சொல்ல அழைத்திருந்தார்கள். தேநீரை ஆறவிட்டு, கதிரையில் ஏறி, வெடிப்பை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து விரலகலக் கண்ணாடித் துண்டொன்றை எடுத்து வெடிப்பின் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சீமெந்தால் ஒட்டினார்.

"இது உடையாம இருந்தா வீட்டுக்கு ஒண்ணும் இல்ல. நான் திரும்பி வர்ற வரைக்கும் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அநுராதபுரம் போனார்.

எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் கண்ணாடிதான் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது! "எங்கட சித்தப்பா கண்ணாடியால வீட்டைத் தாங்கி வச்சிருக்கிறார்" என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். அப்பா காலையில் பல் விளக்குவதற்கு முன்பே அதன் கீழே போய் நிற்பார். சித்தப்பாவின் திறமைக்கு அவர் செய்யும் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பின்னேரம் நகரத்தில் எங்கோ குண்டு வெடித்தது. யன்னல்கள் அதிர, எல்லோரும் ஒழுங்கைக்கு ஓடினோம். பாதி வழியில் எனக்குக் கண்ணாடியின் நினைவு வந்தது. திரும்பி வீட்டுக்குள் ஓடினேன்.

"எடியேய், வெளியில வாடி!" என்று அம்மா கத்தியது கேட்டது. நான் கதிரையை இழுத்துப் போட்டு ஏறிப் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

"உடையேல்லை! உடையேல்லை!" என்று வெற்றி வீரன் மாதிரி வெளியே வந்தேன். அப்பா ஒழுங்கை ஓரத்தில் அப்படியே குந்திவிட்டார். அம்மா முதலில் முதுகில் ஒன்று வைத்தாள், பிறகு கட்டிப்பிடித்து அழுதாள். நல்ல செய்தி கொண்டுவந்தவளுக்கு இப்படியா வரவேற்பு என்று எனக்குக் கோபம் வந்தது.

சித்தப்பா திரும்பி வந்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். "இது பழைய வெடிப்புங்க. சுவர் அசையவே இல்ல. பூசி விட்டாப் போதும்" என்றார். வீட்டுக்காரர் கதிரையில் ஏறிக் கண்ணாடியைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "அப்ப சரி, இருங்கோ" என்றார். அன்று அம்மா இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டாள்.

வளர்ந்த பிறகு ஒருமுறை தஞ்சாவூர்ப் பக்கம் சித்தப்பா வேலை செய்த கோயிலுக்குப் போனேன். கல் மண்டபச் சுவரிலும் அதே கண்ணாடித் துண்டுகள். இவ்வளவு பெரிய கல்லை இது எப்படித் தாங்கும் என்று சித்தப்பாவிடம் கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "கண்ணாடி எங்கேம்மா தாங்கும்? உடையறதுக்குத்தான் அதை வைக்கிறோம். சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் முதல்ல அது உடைஞ்சு சொல்லிடும்."

அப்படியென்றால், 'இன்றைக்கும் இந்த வீட்டில் இருக்கலாமா' என்றுதான் அப்பா அப்போது ஒவ்வொரு காலையும் அதன் கீழே நின்று பார்த்திருக்கிறார். நானோ குண்டு வெடித்த கையோடு, யாரும் எதுவும் தாங்கிப் பிடிக்காத ஒரு சுவரின் கீழே, கதிரையில் ஏறி நின்று, என் சித்தப்பாவை நினைத்து நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறேன்.