அத்தாமியில் படி எண்ணியவள்

எங்கள் தெருக்கூட்டத்தில் இருபத்திரண்டு வீடுகள். பீச் பழம் முடிந்து, திராட்சையும் முடிந்து, தோட்டங்களில் இலை உதிரத் தொடங்கும் நவம்பரில் எல்லோரும் ஒரே பேருந்தில் ஏறி ஒரு நாள் எங்காவது போய்வருவோம். எங்கள் யமனாஷி மாவட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. அதனால் யார் திட்டம் போட்டாலும் கடைசியில் ஏதாவது ஒரு கடற்கரை ஊரில்தான் போய் நிற்போம். திட்டம் போடும் வேலை வருடத்துக்கு ஒரு வீடாக முறை வைத்து வரும். அந்த வருடம் அமேமியா ஃபுசாயேயின் முறை.

ஃபுசாயேயும் நானும் விவசாயிகள் சங்கத்தின் பழக்கொட்டகையில் பதினைந்து வருடமாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்று பழம் பிரிக்கிறவர்கள். அவள் அதிகம் பேச மாட்டாள். ஆனால் ஒரு வேலையைக் கொடுத்தால் அதன் அடி நுனி எல்லாம் பார்த்துவிடுவாள். திருவிழாச் சாப்பாட்டுக்கு அவள் பொறுப்பேற்றால், யாருக்கு இறால் ஆகாது, யாருக்குப் பல் இல்லை என்பதுவரை ஒரு தாளில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டியிருப்பாள். அப்படிப்பட்டவளுக்கு இந்த முறை வந்ததில் யாருக்கும் மகிழ்ச்சி இல்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டோம்.

இரண்டு வருடம் முன்பு அதே பயணத்திலிருந்து திரும்பிய அன்று மாலை ஆறு மணி. இருட்டியிருந்தது. பேருந்து எங்களைச் சமூகக் கூடத்து வாசலில் இறக்கிவிட்டுப் போனது. ஃபுசாயேயின் கணவர் ஷூஸோ தன் சின்ன லாரியை அங்கேதான் நிறுத்தியிருந்தார். வீடு கூப்பிடு தூரம். காலை ஒன்பது மணியிலிருந்து அவர் பேருந்தில் குடித்துக்கொண்டிருந்தார். அவர் மட்டுமல்ல, ஆண்கள் எல்லோரும்தான். தெருக்கூட்டத் தலைவர் ஹொசாகா, இறங்குகிற நேரத்தில்கூட ஷூஸோவின் கோப்பையை நிரப்பினார். ஷூஸோ லாரியை எடுத்தார். எங்களோடு பேருந்தில் வந்த தன் கணவனை அழைத்துப்போக டார்ச் விளக்கோடு நடந்து வந்துகொண்டிருந்த ட்சுகாடா மிட்சுயோவை மதிலோடு சேர்த்து இடித்தார். மிட்சுயோவின் இடுப்பும் வலது காலும் நொறுங்கின. உயிர் தப்பியது.

போலீஸ் வந்து கேட்டபோது, அவர் குடித்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ஊற்றிக் கொடுத்தவனுக்கும் தண்டனை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். மிட்சுயோவின் கணவர் இசாவோ மட்டும் பார்த்ததைச் சொன்னார், ஊற்றியவர் பெயரையும் சேர்த்து. ஷூஸோவுக்கு ஓட்டுநர் உரிமம் போயிற்று. பதினொரு வருடமாக ஓட்டிய மழலையர் பள்ளி வண்டியும் போயிற்று. ஹொசாகா காவல் நிலையத்துக்கு நாலு முறை அலைந்தார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ட்சுகாடா வீடு இல்லாத வீடாயிற்று.

செப்டம்பரில் ஒரு நாள் கொட்டகையில் ஃபுசாயே என்னிடம் கேட்டாள்.

"கோமாய்-சான், சுற்றுப்பலகை உங்க வீட்டுல இருந்து எங்க போகுது?"

அறிவிப்புகளைச் செருகி வீடு வீடாகக் கைமாற்றும் பலகை அது. என் வீட்டுக்கு அடுத்தது ட்சுகாடா வீடு. இரண்டு வருடமாக நான் அந்த வாசலைத் தாண்டிப் போய் அதற்கடுத்த வீட்டில் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஹொசாகா-சான் அப்படிக் குடுக்கச் சொன்னாரு," என்றேன். "உங்களுக்காகத்தான்."

"எனக்காகவா?" அவள் கையிலிருந்த திராட்சைக் கொத்தைக் கீழே வைத்தாள். "என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே."

அன்று மாலையே அவள் ட்சுகாடா வீட்டுக்குப் போனாள். என்னையும் துணைக்கு வரச் சொன்னாள். நான் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டேன். மிட்சுயோ கைத்தடியோடு வந்து கதவைப் பாதி திறந்தாள். இந்த வருடப் பயணத்துக்கு அத்தாமிக்குப் போகிறோம், நீங்களும் வரணும் என்று ஃபுசாயே குனிந்து சொன்னாள்.

"அத்தாமியா?" மிட்சுயோ சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை. "ஸ்டேஷன்ல இருந்து கடல் வரைக்கும் சரிவும் படியுமா இருக்கிற ஊரு. என் காலைப் பாத்து இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தீங்களா?"

கதவு மூடியது. திரும்பி நடக்கும்போது ஃபுசாயே சொன்னாள்: "வர மாட்டேன்னு சொல்லல, பாத்தீங்களா? படி இருக்குன்னுதான் சொன்னாங்க."

அடுத்த விடுமுறையன்று விடியற்காலையில் கிளம்பி, ரயில் மாறி மாறி, அவள் தனியாக அத்தாமிக்குப் போனாள். குடையைத் தடியாக ஊன்றி, மிட்சுயோவைப்போல வலது காலை மடக்காமல் இழுத்து நடந்தாளாம். எங்கே பேருந்து வாசலுக்கே வரும், எங்கே இறங்கினால் ஏறவே வேண்டாம், எந்தப் பெஞ்சு கடலைப் பார்த்திருக்கிறது, எந்தக் கழிப்பறையில் பிடிமானக் கம்பி இருக்கிறது என்று எல்லாம் குறித்தாள். சாப்பாட்டு விடுதியில் குளியல் அறைவரை பன்னிரண்டு படி. மேலாளரிடம் பேசிப் பின்பக்கம் சரக்கு ஏற்றும் லிஃப்டில் போக ஏற்பாடு செய்தாள். கினோமியா கோயிலின் கிழட்டுக் கற்பூர மரத்தை ஒரு முறை சுற்றினால் ஆயுள் ஒரு வருடம் கூடும் என்பார்கள். அதைத் தடியோடு சுற்ற எத்தனை நிமிடம் ஆகும் என்றுகூடப் பார்த்து வைத்திருந்தாள். மறுநாள் அவள் வலது முழங்கால் வீங்கிப்போய், கொட்டகையில் உட்கார்ந்தே வேலை செய்தாள்.

நாலு தாள் கொண்ட அந்தத் திட்டத்தை மிட்சுயோவிடம் கொண்டுபோனபோதும் நான் கூட இருந்தேன். இந்த முறை முன்னறை வரை உள்ளே விட்டார்கள். மிட்சுயோ கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பக்கத்தில் இசாவோ கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் எங்களுக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"படியெல்லாம் எண்ணியிருக்கீங்க," என்றாள் மிட்சுயோ.

"ஆமா."

"அமேமியா-சான், ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. இது சுற்றுலாவா, மன்னிப்பா?"

ஃபுசாயே முழங்காலைத் தடவிக்கொண்டாள். பிறகு, "தெரியல," என்றாள்.

"மன்னிப்புன்னா அது உங்க கையால வர வேண்டியது இல்ல. இடிச்சது நீங்க இல்லையே. ரெண்டு வருஷமா எங்க வீட்டுக்கு வந்தது யாரு தெரியுமா? இன்சூரன்ஸ்காரன், வக்கீல், தபால்காரர். அவ்வளவுதான்."

இசாவோ அப்போதுதான் வாய் திறந்தார். "தாளை எடுத்துட்டுப் போங்க."

"இருக்கட்டும்," என்றாள் மிட்சுயோ.

அன்று வீட்டில் நடந்ததை ஃபுசாயே மறுநாள் சொன்னாள். ஷூஸோ தொலைக்காட்சியில் சுமோ மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் விஷயத்தைச் சொன்னதும் சத்தத்தைக் கூட்டினார். இவள் எழுந்துபோய் அணைத்தாள்.

"ஏங்க, ஒரு தடவை போய்த் தலை குனிஞ்சிட்டு வாங்க."

"கோர்ட்டுல குனிஞ்சேன்ல, பத்தாதா? அவளுக்கு ஒரு கால் போச்சு. எனக்கு என்ன மிஞ்சிச்சு? அந்த வண்டியைப் பாத்தா பிள்ளைங்க இன்னும் கை ஆட்டுதுங்க, உள்ள நான் இல்லன்னு தெரியாம. நீ போய் அந்த வீட்டு வாசல்ல கெஞ்சிட்டு நிக்கிற. என் மூஞ்சியில கரி பூசத்தானே?"

"அன்னைக்கு நானும்தான் உங்களுக்கு ஊத்தினேன்," என்றாளாம் இவள். அவர் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஃபுசாயே அறிவிப்பு எழுதினாள். அத்தாமி, நவம்பர் மூன்றாம் ஞாயிறு. கடைசி வரி: பேருந்தில் மது கிடையாது. பலகையை அவளே கையில் எடுத்துக்கொண்டு ட்சுகாடா வீடு உட்பட இருபத்திரண்டு வாசலும் ஏறி இறங்கினாள். வருகிறோம் என்று எழுதியவர்கள் ஐந்து வீட்டுக்காரர்கள். ட்சுகாடா வீட்டின் இடம் காலியாக இருந்தது.

சமூகக் கூடத்தில் ஹொசாகா கூட்டம் போட்டார்.

"ஃபுசாயே-சான், நம்ம ஆளுங்களுக்கு என்ன வேணும்? குளிக்க வெந்நீர் ஊற்று, தின்ன மீன், பஸ்ஸுல ரெண்டு பெட்டி பீர். பீரை எடுத்துட்டா அது சுற்றுலா இல்ல, சாவு ஊர்வலம்." சிரிப்பு எழுந்தது. "அதோட, சிலரை வேற கூப்பிட்டிருக்கீங்களாம். பக்கத்துல உக்காந்தவன் எத்தனை மடக்குக் குடிக்கிறான்னு எண்ணிட்டே வர்ற ஆளு."

மறுபடியும் சிரிப்பு. ஃபுசாயே முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள்.

"அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் காலையில ஒன்பது மணியில இருந்து குடிச்சாரு. நான் ஊத்தினேன். ஹொசாகா-சான், நீங்க ஊத்தினீங்க. இங்க இருக்கிற எல்லாரும் பாத்தீங்க. ட்சுகாடா-சான் சொன்னது ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல. எனக்காக அவங்களை ஒதுக்கி வச்சோம்னு சொல்லாதீங்க. நான் கேக்கல."

ஹொசாகாவின் கழுத்து சிவந்தது.

"புருஷனைச் சந்தியில நிறுத்திட்டு நல்ல பேர் வாங்கப் பாக்குறீங்க. சரி, கை தூக்குங்கப்பா. இந்த வருஷம் பயணம் வேண்டாம்ங்கிறவங்க?"

கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஃபுசாயே ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். நான் கையைத் தூக்கவில்லை. எழுந்து ஒரு வார்த்தை பேசவும் இல்லை. என் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயணம் ரத்தாயிற்று.

அதன் பிறகு ஷூஸோ படுக்கையை வேறு அறைக்கு மாற்றிக்கொண்டார். ஒரு மாதம் அவர்கள் வீட்டில் பேச்சு இல்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு இவள் கொட்டகைக்கு வந்துவிடுவாள். பிறகு ஒரு நாள் காலை, நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, ஷூஸோ வெளியூர்க் காரியத்துக்குப் போகிறவர்போலக் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து ட்சுகாடா வீட்டு வாசலில் நின்றார். இசாவோ தோட்டத்தில் கிளை வெட்டிக்கொண்டிருந்தார். பார்த்தார், வெட்டுவதை நிறுத்தவில்லை. ஷூஸோ மண்ணில் முழங்கால் போட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார். என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. ஜன்னல் திறந்தது. மிட்சுயோ குரல் மட்டும் கேட்டது.

"கேட்டுச்சு. எந்திரிச்சுப் போங்க. மண்ணு ஈரமா இருக்கு."

அவ்வளவுதான். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

நவம்பர் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, ஃபுசாயேயும் மிட்சுயோவும் ரயிலில் அத்தாமிக்குப் போனார்கள். போகலாம் என்று சொல்லியனுப்பியது மிட்சுயோதான். ஃபுசாயே என்னையும் கூப்பிட்டாள். அன்றைக்குப் பல் வைத்தியரிடம் போகணும் என்றேன். பல் வைத்தியரும் இல்லை, ஒன்றும் இல்லை. ஹொசாகாவின் மனைவி பார்த்தால் என்ன சொல்வாளோ என்று பயந்தேன். அவர்கள் இருவரும் ஒரு பையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நிறுத்தத்துக்கு மெல்ல நடந்துபோனதைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

மறுநாள் கொட்டகையில் சீமைப்பனிச்சம் பழம் அடுக்கிக்கொண்டே கேட்டேன். "எப்படி இருந்துச்சு?"

"மழை. பாதி இடத்துக்குப் போகல. நான் குறிச்சு வச்ச பஸ் அன்னைக்கு ஓடல. மீன் நல்லா இருந்துச்சு."

"மிட்சுயோ-சான் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. திரும்புற ரயில்ல அவங்க கால் வீங்கிருச்சு. பிடிச்சு விடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னாங்க." ஒரு பழத்தைத் துடைத்து வைத்தாள். "கொஞ்ச நேரம் கழிச்சு, சரி பிடிங்கன்னாங்க. இறங்குற வரைக்கும் பிடிச்சு விட்டேன்."

அடுத்த கூடை வந்துவிட்டது.