வியாழக்கிழமைத் தண்ணீர்

தட்டுப்பெட்டியின் மூடியை அரை விரல் உயர்த்தி முதலில் முகர்ந்து பார்ப்பாள் தட்டம்மா. உள்ளே பூஞ்சை விழுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியுமுன் அவள் மூக்குக்குத் தெரிந்துவிடும். "இன்னிக்கு நல்ல புள்ளைங்களா இருக்குதுங்க" என்று பாசிகளிடமே சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாகப் பாசி வளர்க்கும் உணவுக்கூழைக் காய்ச்சிக் கண்ணாடித் தட்டுகளில் ஊற்றுகிறாள். அதனால் எல்லோருக்கும் தட்டம்மா; சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான்.

மூன்று மாதத்துக்கு முன் தன் ஓரகத்தியை, கொழுந்தன் பெண்டாட்டியை, அங்கே சேர்த்துவிட்டதும் அவளேதான். வேலையைக் கற்றுக்கொடுத்ததும் அவளே. ஈரச் சுவரில் முளைக்கும் இந்தப் பாசி முதலில் பச்சை நூலாகப் படரும். சைட்டோகைனின் என்ற ஹார்மோனைத் துளி விட்டால் நூலில் மொட்டு கட்டும், மொட்டு குட்டிச் செடியாகும். துளி கூடிப்போனால் மொட்டெல்லாம் உருக்குலைந்து கட்டி தட்டிவிடும்.

இளையவள் விட்ட துளியில் ஒன்றுகூடக் கட்டி தட்டவில்லை. கோத்த மணி மாதிரி மொட்டுகள். பேராசிரியர் அடுத்த அறைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பத்தொன்பது வருஷத்தில் தட்டம்மாவின் தட்டைப் பார்க்க யாரையும் அவர் கூப்பிட்டதில்லை. அன்று வீட்டில் மாமியார்வேறு, "சின்னவளுக்குக் கை ராசி" என்று சொல்லிவைத்தாள். தட்டம்மா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினாள்.

ஹார்மோனால் முளைத்த செடி பின்னால் சரியாகக் காய்க்குமா என்பதுதான் பேராசிரியரின் அடுத்த கேள்வி. ஹார்மோன் தட்டுகள் இளையவளிடம், ஹார்மோன் படாதவை மூத்தவளிடம். குளிர் அறையில், குறைந்த வெளிச்சத்தில் வைத்தால் நுனியில் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் வரும். அப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆணணு நீந்தித்தான் கருமுட்டைக்குப் போகும், அப்புறம்தான் வித்துக்காய் பிடிக்கும்; தண்ணீர் நாள் தவறினால் காய் குறையும்.

தண்ணீர் ஊற்றவேண்டிய வாரம் இளையவளின் குழந்தைக்குக் காய்ச்சல். "அக்கா, வியாழக்கிழமை என் தட்டுக்கும் தண்ணி ஊத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழனன்று தட்டம்மா தன் தட்டுகளுக்கு ஊற்றினாள். இளையவளின் தட்டுகள் முன் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டாள். வெள்ளியன்று அந்தப் பக்கமே போகவில்லை. சனிக்கிழமை விடுமுறை, இருப்புக்கொள்ளாமல் தனியாக வந்து ஊற்றினாள்.

காய்கள் முற்றியதும் எண்ணினார்கள். மூத்தவளின் தட்டுகளில் சராசரி நாற்பது, இளையவளுடையதில் பதினொன்று. தன் எண்ணிக்கையைச் சொல்லும்போது தட்டம்மாவின் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் இருந்தது. "எல்லாம் என் கையாலதான் கெட்டுச்சு போல, அக்கா" என்றாள் இளையவள்.

பேராசிரியர் மறுத்தார். கை என்ன செய்யும், ஹார்மோன் காய்ப்பைக் குறைக்கிறது என்று தெரிந்துவிட்டது, கட்டுரைக்கு இது போதும் என்று எழுத உட்கார்ந்தார்.

தட்டம்மா கையுறையைக் கழற்றினாள். பாசிமேல் பொய் ஏறுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"சார், அதை எழுதாதீங்க. அவ தட்டுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் தண்ணி ஊத்துனேன்."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

பேராசிரியர் எழுதியதை அடித்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்.  எல்லாவற்றையும் கேட்டிருந்த இளையவள் பழைய தட்டுகளை எடுத்துக் கழுவினாள். தானே துளி விட்டிருந்தால் இத்தனை அழகாக மொட்டு வந்திருக்குமா என்ற எண்ணம் அப்போதும் தட்டம்மாவைக் குடைந்தது.

மாலையில் ஒரே பேருந்தில் ஏறினார்கள். இளையவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தட்டம்மா அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள். பிறகு மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறங்கும் இடம்வரை நின்றபடியே வந்தாள்.