வீட்டுக்குப் போகச் சொன்னவள்

நர்ஸ் பரீட்சை தேறி, சீருடையின் நிறம் மாறி ஒன்பது நாள் ஆகியிருந்தது. பிரசவ வார்டில் எல்லோரும் அவளைக் ‘குட்டிச் சிஸ்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் அவ்வளவுதான் உயரம். ஆனால் வேகம் இருக்கிறதே, அப்பப்பா! நடக்க வேண்டிய இடத்தில் ஓடுவாள், உட்கார வேண்டிய இடத்தில் நிற்பாள். மாணவியாக இருந்த மூன்று வருஷமும் அவள் தொட்டுப் பார்த்த வயிற்றை இன்னொருத்தியும் தொட்டுப் பார்த்தாள். அவள் எழுதியதற்குக் கீழே இன்னொருத்தி கையெழுத்துப் போட்டாள். இப்போது அந்த இன்னொருத்தி இல்லை. அதில் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது.

அன்று காலை வந்தவள் ஒரு தையல்காரி. மூன்றாவது பிரசவம். “லேசா இழுத்துப் பிடிக்குது சிஸ்டர், என்னன்னு பாருங்க” என்றாள், துணி அளவு சொல்கிற நிதானத்தில்.

வயிற்றில் கை வைத்து, பத்து நிமிஷத்தில் எத்தனை வலி வருகிறது என்று எண்ண வேண்டும். அதுதான் படித்த பாடம். வெளியே பெஞ்சில் நாலு பேர் காத்திருந்தார்கள், யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். குட்டிச் சிஸ்டர் நாலு நிமிஷத்தில் கையை எடுத்துவிட்டாள். கர்ப்பப்பை வாயும் அதிகம் திறந்திருக்கவில்லை.

“இது பொய் வலிதான். வீட்டுக்குப் போய் நடந்துகிட்டு இருங்க. வலி கூடினா வாங்க.”

தையல்காரி தலையாட்டிவிட்டுப் போனாள். சீட்டில் ஒரே கையெழுத்து, அதுவும் நன்றாகச் சுழித்துப் போட்டது.

பதினொரு மணிக்கு டீயை வாயில் வைத்தவளுக்குத் திடீரென்று உறைத்தது. செருப்பு மாட்டும்போது அந்தப் பெண் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாதிப் பேச்சில் நின்றாள். கதவருகே இன்னொரு தடவை நின்றாள். இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தானே சீட்டைக் கொடுத்தோம்! டீயை அப்படியே மேஜையில் வைத்தாள்.

“விடுடி, வலி வந்தா அவளே வரப்போறா” என்றாள் கூட வேலை பார்க்கும் நர்ஸ்.

“மூணாவது பிள்ளைடி. வலி வந்தப்புறம் இங்க வந்து சேர நேரம் இருக்குமா?”

அதற்கப்புறம் அவள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்தாள். ஒரே குழந்தையை இரண்டு தடவை எடை போட்டாள். “அரை மணியில என் பிள்ளை அவ்வளவு வளந்துட்டானா சிஸ்டர்?” என்று அதன் அம்மா சிரித்தபோது இவளுக்கு அழுகை வந்தது. போன் பண்ணினால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி. பண்ணாவிட்டால்? ஒன்பதாம் நாளே மானம் போனாலும் பரவாயில்லை என்று வார்டு நோட்டில் எழுதியிருந்த நம்பரை அழுத்தினாள்.

தையல்காரியின் மாமியார் எடுத்தாள். “நல்லாத்தான் இருக்கா, மெஷின்ல உக்காந்திருக்கா. இந்தாங்க.”

“ஒண்ணுமில்ல சிஸ்டர், ஒரு சட்டைக்குப் பட்டன்...” பேச்சு நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. குட்டிச் சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐம்பது விநாடி. “...வைக்கணும், அவ்வளவுதான்.”

“எதையாவது பேசிக்கிட்டே இருங்க. போனை வைக்காதீங்க.”

தையல்காரி பட்டனைப் பற்றிப் பேசினாள், சட்டைக்காரனின் தொல்லையைப் பற்றிப் பேசினாள். பத்து நிமிஷத்தில் நாலு தடவை பேச்சு நின்றது.

“உடனே கிளம்புங்க! துணிமணி எல்லாம் அப்புறம். கிடைக்கிற வண்டியில ஏறுங்க!”

தையல்காரி வந்து வார்டுக் கட்டிலில் படுத்த பன்னிரண்டாவது நிமிஷம் குழந்தையின் தலை வெளியே வந்தது. கழுத்தைச் சுற்றித் தொப்புள்கொடி. குட்டிச் சிஸ்டர் விரலை நுழைத்துக் கொடியைத் தளர்த்தித் தலைக்கு மேலாக எடுத்தாள். பெண் குழந்தை, வார்டையே எழுப்புகிற குரல்.

மாமியார் ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “நீ மட்டும் போன் பண்ணலேன்னா என்ன கதி ஆயிருக்கும், கண்ணு! படிச்ச பொண்ணுன்னா இப்படி இருக்கணும்!” நர்ஸுகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பேசாமல் தலையைக் குனிந்து நின்றிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். யார் கேட்கப் போகிறார்கள்?

அவளால் முடியவில்லை. “என்னைப் புகழாதீங்கம்மா. காலையில வீட்டுக்குப் போகச் சொன்னதே நான்தான். பத்து நிமிஷம் பார்க்கணும், நான் பார்க்கல. தப்பு என்னோடது.”

மாமியாரின் பிடி தளர்ந்தது. நர்ஸுகள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

கட்டிலிலிருந்து தையல்காரி சொன்னாள், கோபமே இல்லாமல்: “எனக்கு அப்பவே தெரியும் சிஸ்டர். உங்க கை என் வயித்து மேல இருந்துச்சு, கண்ணு கதவு மேல இருந்துச்சு.”