அமரர் என்று வெட்டிய கல்

மூன்று வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்த வாரத்தில் இது நடந்தது. செஞ்சியில் திருவண்ணாமலை சாலையோரம் எனக்கு ஒரு கொட்டகை இருக்கிறது. கட்டடத் திறப்பு, கோயில் உபயம், சமாதி என்று கல்லில் எழுத்து வெட்டுவதுதான் என் தொழில். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். தமிழைப் பிழையில்லாமல் வெட்டுவேன். ஆங்கிலத்தில் எழுத்துகள் தெரியும், அர்த்தம் தெரியாது. அதோடு எனக்குக் கூச்சம் அதிகம். வேலை கொடுக்க வருகிறவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, அவர்கள் போன பிறகு யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவலூர்பேட்டை போகும் வழியில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து, அந்த ஊர் இளைஞர்கள் சார்பில் ஒருவர் வந்தார். அவர்கள் ஊரிலிருந்து ராணுவத்துக்குப் போன பத்துப் பேரின் பெயரைக் கல்லில் வெட்டி, குடியரசு தினத்தன்று பஸ் நிறுத்தத்தில் வைக்கப் போகிறார்களாம். பட்டியலில் பெயர்கள் தமிழில் இருந்தன. பதவிகள் மட்டும் ஆங்கிலத்தில், இரண்டு மூன்று எழுத்தாகச் சுருக்கி எழுதப்பட்டிருந்தன. என்.கே. என்றால் நாயக், ஹெச்.ஏ.வி. என்றால் ஹவில்தார் என்று அவசரமாகச் சொன்னார். "லேட்டுன்னு போட்டிருக்கிறவங்களுக்கு முன்னாடி அமரர்னு வெட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார்.

வெட்ட உட்கார்ந்தபோது நான்காவது பெயரில் தடுமாறினேன். அதற்கு முன்னால் எல் என்று ஒரே ஒரு எழுத்து, பக்கத்தில் சாய்ந்த கோடு, பிறகு என்.கே. என்று இருந்தது. ஏழு பேருக்கு லேட் என்று முழுதாக எழுதிய மனிதர், இங்கே கை வலித்துச் சுருக்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பட்டியலின் கீழே அவருடைய போன் நம்பர் இருந்தது. இதைக்கூடவா கேட்பார்கள் என்று நினைப்பாரோ என்ற கூச்சத்தில் நான் கூப்பிடவில்லை. 'அமரர் நாயக்' என்று வெட்டி, மஞ்சள் வர்ணமும் பூசிவிட்டேன்.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஒரு காலை வேளையில் வயதான கணவனும் மனைவியும் கொட்டகைக்கு வந்தார்கள். அவருக்கு எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். முழங்கால் வலி போலிருந்தது, ஆனால் முதுகு வளையவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த வழியில் ஊர்க்கல்லைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்களாம். நான் கல்லின் மேலிருந்த சாக்கை எடுத்தேன். அவர் மேலிருந்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்து நான்காவதில் நின்றுவிட்டார். வெகுநேரம் அதையே பார்த்தார். நெருங்கிய சொந்தமாக இருக்கும் என்று எனக்குப் பாவமாக இருந்தது.

"அவரு உங்களுக்கு இன்னா வேணுங்க ஐயா?" என்று கேட்டேன்.

"அவரு நான்தான்பா" என்றார்.

அந்த அம்மா கண்ணைச் சுருக்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். படித்து முடித்ததும் பக்கத்தில் கிடந்த கல்லிலேயே உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"நீ இன்னாத்துக்கு அழுவுற? நான் இங்கதான நிக்கிறேன்" என்று மனைவியை அதட்டிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "ஏன்பா, சாவடிச்சதும் இல்லாம பிரமோஷன் வேற குடுத்துக்கிற? நான் வெறும் லான்ஸ் நாயக்கு. பதினஞ்சு வருஷ சர்வீசுல அவங்க குடுக்காதத நீ உக்காந்த எடத்துல குடுத்துட்டியே."

அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. அந்த எல் என்ற எழுத்து லேட் இல்லை. லான்ஸ். அவர் லான்ஸ் நாயக். நாயக்குக்கு ஒரு படி கீழே. சட்டைக் கையில் ஒரே ஒரு பட்டை.

கல்லில் இறங்கிய எழுத்தை அழிக்க முடியாது. வேறு கல்லில் முழுதும் புதிதாக வெட்டுகிறேன் என்று திக்கித் திணறிச் சொன்னேன். அமரரை எடுத்துவிடுகிறேன், நாயக் வேண்டுமானால் அப்படியே இருக்கட்டுமே என்றும் கேட்டேன். ஏதோ ஒரு விதத்தில் சமாதானம் செய்ய நினைத்த பேச்சு அது. சிரித்துக்கொண்டிருந்தவர் முகம் மாறிவிட்டது.

"அதெல்லாம் கூடாது" என்றார். மூன்றாவது பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். "இவன்தான் நாயக்கு. எங்க பக்கத்துத் தெரு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல வேலூருக்குப் போய் செலக்சன் ஆனோம். என் பட்டைய இவன்தான் ஊசி நூலு வெச்சு தெச்சுக் குடுத்தான். கோணலா தெச்சுட்டான், நான் திட்டு வாங்கினேன். அவனுக்குக் கீழதான் நானு. கல்லுலயும் அப்பிடியே இருக்கட்டும்."

பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, "படிச்சப்ப ஒரு நிமிசம் எல்லாரோடயும் வரிசைல நிக்கிற மாதிரிதான் இருந்துச்சு. அது ஒண்ணும் கெட்டதா இல்ல" என்றார்.

"வாய மூடு மனுசா" என்றார்கள் அந்த அம்மா.

நான் வாங்கிவந்த டீயைக் குடித்தபடி அவர் பேசிக்கொண்டிருந்தார். எழுபத்தொன்றாம் வருடம் பாகிஸ்தானோடு நடந்த சண்டை பேத்தியின் பாடப் புத்தகத்தில் வந்திருக்கிறதாம். இவர் அங்கே குளிரில் கிடந்ததைச் சொன்னால், "அது புக்குல இல்ல தாத்தா" என்கிறாளாம். "இன்னும் கொஞ்ச நாள் போனா, என்னையும் கோட்டை ராஜா படையில சேத்துடுவாங்க" என்று, செஞ்சிக் கோட்டை இருக்கும் ராஜகிரி மலையைக் காட்டினார். சிரித்தபடிதான் சொன்னார், ஆனால் கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது. போகும்போது என் தோளைத் தட்டி, "இந்தப் பழைய கல்ல தூக்கிப் போட்டுடாத. எப்பிடியும் ஒரு நாள் எனக்கு வேணும், தேதி மட்டும் வெட்டினா போதும்" என்றார். அந்த அம்மா பையாலேயே அவர் முதுகில் ஒன்று வைத்தார்கள்.

அன்று மத்தியானமே வேறு கல் எடுத்தேன். இந்தத் தடவை அந்த ஊர்க்காரருக்குப் போன் செய்து, பத்துப் பேரையும் ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டுத்தான் உளியைத் தொட்டேன். குடியரசு தினத்தன்று காலையில் கல்லை நிறுத்தப் போனவன், விழாவையும் பின்னால் நின்று பார்த்தேன். கொடி ஏற்றியவர் கல்லில் இருந்த பெயர்களை மைக்கில் படித்தார். அமரர், அமரர் என்று படித்துக்கொண்டே வந்து, "லான்ஸ் நாயக்" என்று சொல்லி அவர் பெயரைச் சொன்னார். நாற்காலியில் இருந்த பெரியவர் சட்டென்று எழுந்து, "ஹாசிர் சாப்" என்று உரக்கச் சொன்னார். பட்டாளத்தில் பேர் கூப்பிட்டால், 'இருக்கிறேன் ஐயா' என்பதை அப்படித்தான் சொல்வார்களாம். கூட்டம் சிரித்தது. அவருக்கும் வெட்கமாகிவிட்டது. ஆனால் உட்காராமல், மீதிப் பெயர்களைப் படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

பழைய கல்லை நான் அவருக்குக் கொடுக்கவில்லை. அன்று சாயங்காலமே இரண்டாக உடைத்து, கொட்டகை வாசலில் படிக்குக் கீழே, எழுத்து மண்ணைப் பார்க்கும்படி போட்டுவிட்டேன். இப்போதும் அவர் செஞ்சிக்கு வந்தால் எட்டிப் பார்த்து, "இன்னும் டியூட்டிலதான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். எனக்குக் கூச்சம் முழுதும் போய்விடவில்லை. ஆனால் எந்தக் கல்லில் எழுத்தை இறக்கும் முன்பும், அந்தப் பெயருக்கு உரியவரே எதிரில் நின்று படிப்பதாக நினைத்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் கேட்டுவிடுகிற பழக்கம் அவரால்தான் எனக்கு வந்தது.