ஆற்ற பிள்ளை நீ?

சுவிஸின் ஷ்லீரன் நகரில் காலை எட்டு மணிக்குள் தெருவெல்லாம் தனியே நடக்கும் பிள்ளைகள். பால்பல் விழாத குஞ்சுகள்கூட முதுகை மறைக்கும் பையோடு, யாருடைய கையையும் பிடிக்காமல் வீதியைக் கடக்கின்றன. பள்ளிக்கூடம் போகும் வழி பிள்ளைக்குச் சொந்தம், பெற்றோர் கூடவே வரக் கூடாது என்பது இந்த நாட்டு வழக்கம். மீறிக் கூட்டிப்போனால் ஆசிரியை சிரித்த முகத்தோடு கண்டிப்பார். ஊரிலிருக்கும் என் தங்கைக்கு இதைச் சொன்னபோது, "பிள்ளையளை நேர்ந்து விட்டிருக்கினமோ?" என்று கேட்டாள்.

நானும் பழகித்தான் இருந்தேன், இந்தக் குளிர்காலம் வரை. மகள் நிலானிக்குப் பத்து வயது. கொஞ்ச தூர நடைதான், ஆனால் வரவரப் பிந்தி வந்தாள். ஒருநாள் தொப்பி இல்லை, இன்னொரு நாள் பை முழுக்கச் சேறு. கேட்டால், "ஒண்டுமில்லை, விழுந்திட்டன்" என்பாள். சட்டைக் கையை உயர்த்திப் பார்த்தேன். கிள்ளிய தடங்கள். விழுந்தவளை நிலம் கிள்ளுமா? அதட்டிக் கேட்ட பிறகுதான் சொன்னாள். வகுப்பில் லேயா என்றொருத்தி, அவளோடு இன்னும் இரண்டு பேர், ரயில் பாதைக்குக் கீழுள்ள சுரங்கவழியில் இவளை மறிக்கிறார்களாம். ஆசிரியையிடம் போனேன். வழியில் நடப்பதைப் பிள்ளைகளே பேசித் தீர்க்கப் பழக வேண்டும், பொறுங்கள் என்றார். பொறுத்தேன். பிறகு ஒரு காலை சப்பாத்துப் போடும்போதே மகள் வாந்தி எடுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யாழ்ப்பாணத்தில் நான் படித்த காலத்திலும் கிள்ளு, குட்டு, பட்டப்பெயர் எல்லாம் இருந்தன. அங்கே பிள்ளைகளெல்லாம் தங்கம் என்று நான் புளுக மாட்டேன். என்னைச் சைக்கிளால் இடிக்க வருவதே வேலையாயிருந்த ஒருத்தியை, மரக்கறிப் பையோடு வந்த யாரோ ஒரு மனுஷி மறித்து, "நீ ஆற்ற பிள்ளை?" என்று கேட்டார். அவ்வளவுதான். யாருடைய பிள்ளை என்று சொல்லிவிட்டால், நாங்கள் வீடு சேருமுன் செய்தி வீடு சேர்ந்துவிடும். அவள் அதற்குப் பிறகு என் பக்கமே வரவில்லை. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையையும் கேட்கலாம் என்பது எங்கள் ஊர்ச் சட்டம்.

அந்தச் சட்டத்தை நான் ஷ்லீரனுக்குக் கொண்டுவந்தேன். சுரங்கவழித் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். மூன்று பேரும் நிலானியைச் சுவரோடு நெருக்கிப் பையைப் பறித்தார்கள். பாய்ந்துபோய் லேயாவின் முன்னால் நின்று, எனக்குத் தெரிந்த ஜெர்மனில், நீ யாருடைய பிள்ளை, வீடு எங்கே என்று கேட்டேன். தொடவில்லை. ஆனால் முன்பின் தெரியாதவர் வீடு எங்கே என்று கேட்டால் கத்து, ஓடு என்றுதான் இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். லேயா உயிர் போவதுபோலக் கத்தினாள். தெருவில் போனவர்கள் எல்லாம் என்னைத்தான் பார்த்தார்கள்.

நடந்ததைச் சொன்னதும், உணவகச் சமையல் வேலையிலிருந்த கணவர் தொலைபேசியில், "நீர் அந்தப் பிள்ளையைப் பிடிச்சனீரோ?" என்றார்.

"பிடிக்கேல்லை. கேட்டனான்."

"இஞ்சை கேக்கிறதும் பிடிக்கிற மாதிரித்தான்."

பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் லேயாவும் தாயும், இந்தப் பக்கம் நானும் மகளும். வெகுநேரம் நான்தான் குற்றவாளி. கிள்ளியதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் லேயாவின் தாய்தான் தன் மகளைத் திரும்பிப் பார்த்து, நீ என்ன செய்தாய் என்று கேட்டார். லேயாவை முந்திக்கொண்டு நிலானி பேசினாள். சுவிஸ் ஜெர்மனில், வேகமாக, மேசையைப் பார்த்தபடி. என்னிடம் மறைத்ததெல்லாம் வெளியே வந்தது. போக விடச் சொல்லி முழங்காலில் நின்று கெஞ்ச வைத்தார்களாம், அதைக் கைபேசியில் படமும் பிடித்தார்களாம். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்: "அவை செய்தது பிழை. நீங்கள் ஒளிச்சு நிண்டதும் பிழை, அம்மா. இப்ப எல்லாரும் என்னைப் பயந்தாங்கொள்ளி எண்டினம்."

அந்த மூவரும் இனி வேறு வழியால் போவார்கள் என்று முடிவானது. காலையில் நான் வீட்டுக் கதவைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையைப் போட்டது ஆசிரியை அல்ல, என் மகள். எந்த ஊர்ச் சட்டம் சரி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பயம் மட்டும் இரண்டு ஊருக்கும் பொதுவாக இருக்கிறது.

முதல் நாள் காலை அவள் படியிறங்கும் சத்தம் பாதியில் நின்றது.

"அம்மா, கதவு சாத்துற சத்தம் இன்னும் கேக்கேல்லை."

"சாத்துறன். நீ போ, ராசாத்தி."

சாத்தினேன். காலடிகள் கீழே போய்த் தெருவில் கரைந்தன. நான் கதவுக்கு உள்ளேதான் நின்றேன், ஒரு காலில் சப்பாத்தோடு, மறுகால் வெறுங்காலாக.