ருக்குமணி அக்காவும் எங்கள் வீட்டு மஞ்சள் மேஜையும்

ருக்குமணி அக்கா போய்விட்டார்.

நேற்று காலை கம்பெனி வேனுக்காக நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம்... ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போனில் சேதி சொன்ன பெண்ணிடம் "எந்த ருக்குமணி?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு ருக்குமணிதான்.

நெருப்பெரிச்சல் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் இருவருக்கும் வேலை. நான் செக்கிங். அக்கா கறை எடுக்கும் செக்ஷன். எண்ணெய்க் கறை பட்ட டி-ஷர்ட்டை விரித்து வைத்து, ஸ்பிரே கன்னைக் கிட்டத்தில் பிடித்து, கறை போகிறவரை ஒரே இடத்தில் அடித்துக்கொண்டே இருப்பார். நாள் முழுக்க அதுதான்.

இங்கே நான் போடுகிற பழைய சாமான், ஸ்பிரே பெயிண்ட் போட்டோக்களைப் பார்த்துவிட்டு "இந்தக் கிறுக்கு எப்போது பிடித்தது?" என்று நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். இதுவரை சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

ஆறு வருடம் முன்பு மகள் தர்ஷினியோடு கணவர் வீட்டைவிட்டு வெளியே வந்தேன். ஒரு லைன் வீடு கிடைத்தது... ஒரே அறை, மூலையில் சமையல். ஹவுஸ் ஓனர் சாவி கொடுக்கும்போதே "ஆணி அடிக்கக் கூடாதுங்க, சுவத்துல பெயிண்டும் அடிக்கக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டார்.

தர்ஷினி அப்போது மூன்றாம் வகுப்பு. இரண்டாம் நாளே சொல்லிவிட்டாள். "எனக்கு இந்த ஊடு புடிக்கலம்மா. ஞாயித்துக்கிழமை அப்பா வருவாருல்ல, அவருகூடக் குன்னத்தூருக்கே போயிடறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. துணியெல்லாம் பையில் எடுத்து வைத்துவிட்டாள்.

மதியச் சாப்பாட்டில் இதை அக்காவிடம் சொல்லும்போது உடைந்துவிட்டேன். அவள் போய்விட்டால் நான் யாருக்காக வெளியே வந்தேன்... அக்கா டிபன் பாக்ஸை மூடி வைத்தார். "ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் கெடக்குது கண்ணு. சுவத்தத்தான தொடக் கூடாதுன்னாங்க? சாமான் நம்முளுதுதான?"

அடுத்த நாளே வேலை முடிந்து, தர்ஷினியையும் கூட்டிக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குப் போனோம். துருப்பிடித்த தையல் மெஷின் ஸ்டாண்ட் ஒன்று, பலகையோடு. கதவு ஒடுங்கிப்போன சின்ன இரும்பு அலமாரி ஒன்று. வரும் வழியில் ஸ்பிரே கேன், உப்புத்தாள். புது ஸ்டடி டேபிள் விலையில் பாதிகூட ஆகவில்லை.

"என்ன கலரு வேணும் கண்ணு?" என்று தர்ஷினியைக் கேட்டுத்தான் கேன் வாங்கினார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே "மஞ்சள்" என்றாள்.

துருவைத் தேய்த்து எடுத்தாயிற்று. மெஷின் உட்காரும் ஓட்டையை ஒரு பிளைவுட் துண்டால் மூடியாயிற்று. இனி பெயிண்ட்.

அக்கா கேனை எடுத்தார். கை பழக்கம் விடுமா... பலகைக்கு நாலு விரல் தூரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் அழுத்தோ அழுத்து என்று அழுத்தினார். நடுவில் மஞ்சள் குளம். ஓரமெல்லாம் வழிகிறது.

போனில் ஸ்பிரே பெயிண்ட் அடிக்கிற வீடியோ பார்த்துக்கொண்டிருந்த தர்ஷினி துள்ளி எழுந்தாள். "ஐயோ பெரிம்மா! தள்ளி நின்னு, கைய ஆட்டிட்டே அடிக்கோணுமுங்க. லேசா லேசா மூணு கோட்டு!"

"இருவது வருசமா கறைய எடுத்த கையி... இன்னைக்குக் கறைய வெச்சுருச்சு பாரு."

அந்த வீட்டில் என் மகள் முதல்முதலாகச் சிரித்தது அதற்குத்தான்.

வழிந்ததைக் காயவைத்து, தேய்த்து, மறுபடி முதலிலிருந்து. இந்தமுறை காற்று கெடுத்தது. கொடியில் காய்ந்த ஹவுஸ் ஓனர் வேட்டியில் மஞ்சள் புள்ளி! அக்கா சத்தமில்லாமல் வேட்டியைச் சுருட்டிப் பையில் போட்டார். மறுநாள் கம்பெனியில் கன்னால் அடித்துக் கறையை எடுத்து, அயர்ன் பண்ணி, அதே கொடியில் கொண்டுவந்து போட்டுவிட்டார். (அண்ணா, இதைப் படித்தால் மன்னித்துவிடுங்கள்.)

அலமாரிக்குக் கட்டிங் செக்ஷனில் கழித்துப் போட்ட பேட்டர்ன் அட்டை. கைக்குழந்தை சைஸ், ஸ்லீவ் வெட்டும் அட்டை. அதை ஒரு புள்ளியைச் சுற்றி ஐந்து முறை திருப்பித் திருப்பி வைத்து ஓரத்தில் அடித்தால் பூ வருகிறது. ஒடுக்கு விழுந்த இடத்தில் சரியாக ஒரு வெள்ளைப் பூவை வைத்தாள் தர்ஷினி.

ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா வந்தார். பை வாசலில் இருந்தது.

தர்ஷினி கையெல்லாம் மஞ்சளோடு வெளியே வந்தாள். "மேசைக்கு இன்னும் ஒரு கோட்டு பாக்கி இருக்குதுங்கப்பா. இந்த வாரம் வரலீங்க."

அடுத்த வாரம் நூல் கோனில் லேம்ப் ஷேட். அதற்கடுத்த வாரம் இன்னொன்று... பையிலிருந்த துணியெல்லாம் எப்போது அலமாரிக்குப் போனது என்று எனக்கே தெரியாது. இப்போது ஒன்பதாம் வகுப்பு. என்னோடுதான் இருக்கிறாள்.

அக்காவின் குடும்பம் பற்றிக் கேட்டால் "பையன் பெங்களூருல நல்லா இருக்கறான்" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. நானும் தோண்டவில்லை.

இன்று தர்ஷினியோடு அக்காவைப் பார்க்கப் போன இடத்தில் அந்தப் பையனைப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். தாயின் தலைமாட்டில் உட்காராமல், சொந்தக்காரர்களுக்குப் பின்னால் தள்ளி நின்றிருந்தார். நாங்கள் யார் என்று கேட்டார். மேஜைக் கதையைச் சொன்னேன்.

கேட்டுவிட்டு அம்மாவின் தலைமாட்டுப் பக்கம் பார்த்தார்.

"அம்மா அப்பாவ உட்டுட்டு வந்தப்ப எனக்கும் எட்டு வயசுங்க. லைன் ஊடுதான். எனக்குப் புடிக்கலீங்க... ஒரே வாரந்தான் இருந்தேன். அப்பா வந்தாரு, போயிட்டேன்."

அக்கா... ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

தர்ஷினிதான் "வாங்கண்ணா" என்று அவர் கையைப் பிடித்து, எல்லாரையும் விலக்கிக்கொண்டு, முன்னால் கூட்டிப்போனாள்.

உங்க பையன் உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்காருங்க அக்கா. போயிட்டு வாங்க.